ரூ.10,000 கோடியை நிர்வகிக்கும் கம்பெனிக்கு உண்மையான லாபம் எவ்வளவு? செட்டிநாட்டுப் பேரேடு முதல் மியூச்சுவல் ஃபண்ட் வரை... முழு விளக்கம்!

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு நடை போனால் போதும். வங்கி, நகைக்கடன் கடை, ஃபைனான்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் ஆலோசகர் என்று வரிசையாகப் போர்டுகள். செல்போனைத் திறந்தாலும் அதே விளம்பரம்தான்: "நாங்கள் இத்தனை ஆயிரம் கோடியை நிர்வகிக்கிறோம்".

இதைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். 'இவ்வளவு பெரிய தொகையா? அப்போ பெரிய கம்பெனிதான், நல்ல லாபத்தில்தான் ஓடும்' என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் அந்தத் தொகை கம்பெனியின் பணம் கிடையாது. அதன் வருமானமும் கிடையாது. லாபம் என்பது அதற்கும் ரொம்ப தூரம்.

அப்படியென்றால் ஒரு முதலீட்டு நிர்வாக நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது? அது நன்றாக ஓடுகிறதா, தள்ளாடுகிறதா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நம்ம ஊர்க் கணக்கிலேயே பார்த்துவிடலாம், வாங்க.

முதலில்... ஏஎம்சி என்றால் என்ன?

அசெட் மேனேஜ்மென்ட் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் ஏஎம்சி. தமிழில் சொத்து நிர்வாக நிறுவனம். மியூச்சுவல் ஃபண்டுகளை நடத்துவது இந்த நிறுவனங்கள்தான்.

நீங்கள் மாதம் ரூ.2,000 எஸ்ஐபி போடுகிறீர்கள். உங்களைப் போல லட்சக்கணக்கான பேர் போடுகிறார்கள். அந்தப் பணம் ஒரு டிரஸ்ட்டின் பெயரில் சேர்கிறது. அதில் வாங்கப்படும் பங்குகளும் பத்திரங்களும் கஸ்டோடியன் எனப்படும் தனிப் பாதுகாவலரிடம் இருக்கும். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று முடிவெடுக்கும் வேலை மட்டும்தான் ஏஎம்சிக்கு. அந்த வேலைக்கு அது கூலி வாங்குகிறது.

இப்படி நிர்வகிக்கப்படும் மொத்தத் தொகைக்குப் பெயர் ஏயூஎம். 2025 மார்ச் இறுதியில் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளின் மொத்த ஏயூஎம் சுமார் ரூ.65.7 லட்சம் கோடி. 2014 மே மாதத்தில்தான் இது முதன்முறையாக ரூ.10 லட்சம் கோடியைத் தாண்டியது. பதினோரு வருடத்தில் ஆறு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. இந்தியாவின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்ட், 1993-ல் சென்னையில் தொடங்கிய கோத்தாரி பயனியர்தான். 2002-ல் அது ஃபிராங்க்ளின் டெம்பிள்டனுடன் இணைந்தது.

வட்டிக்கடையும் ஏஎம்சியும்: என்ன ஒற்றுமை, என்ன வித்தியாசம்?

அடுத்தவர் பணத்தை வைத்துத் தொழில் செய்வது செட்டிநாட்டுக்குப் புதுசு இல்லை. பர்மா, இலங்கை, மலாயா என்று நகரத்தார் கடை போட்ட காலத்தில், முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்துவது 'மேலாள்' எனப்படும் ஏஜென்ட். வழக்கமாக மூன்று வருடத் தவணை. அவருக்கு உதவியாக 'அடுத்தாள்', தொழில் கற்றுக்கொள்ளும் 'பெட்டியடிப் பையன்' என்று ஒரு சின்னக் குழு.

கடையில் முதலாளியின் சொந்தப் பணம் இருக்கும். அதோடு உறவினர்கள் போட்ட பணமும், மற்றவர்கள் போட்ட டெபாசிட்டும் சேரும். டெபாசிட்டுக்குக் கொடுக்க வேண்டிய 'நடப்பு வட்டி' எவ்வளவு என்பதை மாதந்தோறும் ரங்கூன் மொகல் தெருவில் உள்ள கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அந்த வட்டிக்கு வாங்கி, அதைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுப்பார்கள்.

வந்த வட்டியிலிருந்து கொடுத்த வட்டியைக் கழிக்க வேண்டும். பிறகு ஆட்களின் சம்பளம், சாப்பாட்டுச் செலவு, கடை வாடகை, வராக்கடன் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் அந்தக் கடையின் உண்மையான லாபம். மேலாளுக்குச் சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் உண்டு என்பதால், இந்தக் கணக்கில் இரு தரப்பும் கறாராக இருந்தார்கள். பேரேட்டில் எவ்வளவு பணம் புரண்டது என்பதைவிட, தவணை முடியும்போது ஐந்தொகையில் என்ன நின்றது என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு ஒரு ஏஎம்சியை எடைபோடும்போது கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசத்தையும் மறந்துவிடக் கூடாது. வட்டிக்கடையில் கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால், நஷ்டம் கடைக்காரருக்கு. டெபாசிட் போட்டவருக்குப் பேசிய வட்டியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏஎம்சியில் அப்படி இல்லை. பங்குச் சந்தை இறங்கினால் நஷ்டம் முதலீட்டாளருக்கு. ஏஎம்சி தன் கட்டணத்தை அப்போதும் எடுத்துக்கொள்ளும்.

வருமானம் எங்கிருந்து வருகிறது?

ஏஎம்சியின் முக்கிய வருமானம் நிர்வாகக் கட்டணம். இதற்காக உங்களுக்குத் தனியாக பில் வராது. ஒவ்வொரு நாளும் ஃபண்டின் மதிப்பிலிருந்து ஒரு சிறு பகுதி கழிக்கப்படும். கழித்தது போக மிச்சம்தான் நீங்கள் செயலியில் பார்க்கும் என்ஏவி.

இப்படிக் கழிக்கப்படும் மொத்தச் செலவுக்கு 'எக்ஸ்பென்ஸ் ரேஷியோ' என்று பெயர். இது முழுவதும் ஏஎம்சிக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இதற்குள் இருப்பவை:

- ஏஎம்சியின் நிர்வாகக் கட்டணம்
- முகவருக்குப் போகும் கமிஷன் (ரெகுலர் திட்டத்தில் மட்டும்)
- ரிஜிஸ்ட்ரார், கஸ்டோடியன், ஆடிட்டர் ஆகியோருக்கான செலவு
- வரிகள்

முகவர் கமிஷனைத் திட்டத்தின் செலவிலிருந்து மட்டுமே தர வேண்டும், கம்பெனியின் கணக்கிலிருந்து தனியாகத் தரக் கூடாது என்று 2018 அக்டோபரில் செபி உத்தரவிட்டது. அதனால் இன்று ஏஎம்சியின் கணக்கில் 'வருமானம்' என்று வருவது பெரும்பாலும் கமிஷன் போன பிறகு மிஞ்சும் நிர்வாகக் கட்டணம்தான்.

கட்டணத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. பங்குச் சந்தைத் திட்டங்களுக்கு 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அடுக்குகள் இப்படி இருந்தன:

- முதல் ரூ.500 கோடிக்கு: 2.25%
- அடுத்த ரூ.250 கோடிக்கு: 2%
- அடுத்த ரூ.1,250 கோடிக்கு: 1.75%
- அடுத்த ரூ.3,000 கோடிக்கு: 1.60%
- அடுத்த ரூ.5,000 கோடிக்கு: 1.50%
- அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து, ரூ.50,000 கோடிக்கு மேல்: 1.05%

இந்த விகிதங்களை செபி அவ்வப்போது திருத்தும். ஆனால் அடிப்படை யோசனை ஒன்றுதான்: திட்டம் பெரிதாக ஆக, ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் வாங்கக்கூடிய கட்டணம் குறைய வேண்டும். மேலே உள்ள அடுக்குப்படி ரூ.500 கோடித் திட்டம் நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் 25 பைசா வரை கழிக்கலாம். ரூ.10,000 கோடித் திட்டத்துக்குச் சராசரி சுமார் 1 ரூபாய் 61 பைசாதான்.

செயல்பாட்டு லாபம்: ஒரு கற்பனைக் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 'ஆபரேட்டிங் பிராஃபிட்' என்றால் செயல்பாட்டு லாபம். கம்பெனி தன் சொந்தத் தொழிலில் சம்பாதித்ததிலிருந்து, அந்தத் தொழிலை நடத்த ஆன செலவைக் கழித்தால் மிஞ்சுவது. அவ்வளவுதான்.

புரிவதற்காக ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக மட்டுமே.

- சராசரி ஏயூஎம்: ரூ.10,000 கோடி
- நிர்வாகக் கட்டணம் நூறு ரூபாய்க்கு 50 பைசா: ரூ.50 கோடி வருமானம்
- சம்பளம்: ரூ.18 கோடி
- மென்பொருள், அலுவலகம், வாடகை: ரூ.9 கோடி
- விளம்பரம், இதர செலவுகள்: ரூ.5 கோடி
- தேய்மானம்: ரூ.3 கோடி
- மொத்தச் செலவு: ரூ.35 கோடி
- செயல்பாட்டு லாபம்: ரூ.15 கோடி

விளம்பரத்தில் பார்த்த எண் பத்தாயிரம் கோடி. தொழிலில் நின்றது பதினைந்து கோடி!

ஒரு நிமிஷம்... இதர வருமானத்தை ஏன் சேர்க்கவில்லை?

நல்ல கேள்வி. ஏஎம்சிக்குச் சொந்தப் பணமும் இருக்கும். 2014-க்குப் பிறகு ஒரு ஏஎம்சிக்குக் குறைந்தபட்ச நிகர மதிப்பாக ரூ.50 கோடி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பு ரூ.10 கோடியாக இருந்தது. இந்தப் பணத்தை அது எங்காவது முதலீடு செய்திருக்கும்.

நம்ம கற்பனைக் கம்பெனி தன் சொந்தப் பணத்தைப் போட்டு, நல்ல சந்தை ஆண்டில் ரூ.20 கோடி சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 15 + 20 = ரூ.35 கோடி. செய்தித் தலைப்பில் '35 கோடி லாபம்' என்று வரும்.

ஆனால் அதில் பாதிக்கு மேல் தொழிலில் வந்தது இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர் இந்த வருடம் இரண்டு லட்சம் லாபம் என்கிறார். விசாரித்தால், டீ விற்று வந்தது எழுபதாயிரம்தான். மீதி, வீட்டில் இருந்த நகையை விற்றபோது விலை ஏறியிருந்ததால் வந்தது. கடை நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் நகையைக் கணக்கில் சேர்க்கலாமா? சேர்க்கக் கூடாது.

அதனால்தான் இதர வருமானத்தைத் தனியே வைத்துவிட்டு, செயல்பாட்டு லாபத்தை முதலில் பார்க்க வேண்டும்.

மார்க்கெட் இறங்கினால் என்ன ஆகும்?

இந்தத் தொழிலின் குணமே இங்கேதான் வெளியே தெரியும். அடுத்த வருடம் பங்குச் சந்தை விழுகிறது. நம்ம கம்பெனியின் சராசரி ஏயூஎம் ரூ.8,000 கோடியாகக் குறைகிறது.

- வருமானம்: ரூ.50 கோடியிலிருந்து ரூ.40 கோடி
- செலவு: ரூ.36 கோடி (சம்பளமும் வாடகையும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்)
- செயல்பாட்டு லாபம்: ரூ.4 கோடி

ஏயூஎம் குறைந்தது 20 சதவீதம். லாபம் குறைந்தது 73 சதவீதம். அந்த வருடம் சொந்த முதலீட்டிலும் ரூ.5 கோடி போயிருந்தால், மொத்தத்தில் ஒரு கோடி நஷ்டம்.

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். ஏயூஎம் ரூ.15,000 கோடிக்கு உயர்கிறது. தொகை பெருகியதால் கட்டணம் நூற்றுக்கு 46 பைசாவாகக் குறைகிறது. வருமானம் ரூ.69 கோடி, செலவு ரூ.40 கோடி. செயல்பாட்டு லாபம் ரூ.29 கோடி. ஏயூஎம் ஒன்றரை மடங்கு ஆனதும் லாபம் கிட்டத்தட்ட இரு மடங்கு!

காரணம் எளிது. 10,000 கோடியை நிர்வகிக்கும் அதே ஃபண்ட் மேனேஜரும் அதே கம்ப்யூட்டரும் 15,000 கோடியையும் நிர்வகிக்க முடியும். செலவு பெரிதாகக் கூடுவதில்லை. ஏறும்போது லாபம் வேகமாக ஏறும். இறங்கும்போதும் அதே வேகம்தான்.

பெரிய கம்பெனிகள் இந்த இடத்தில்தான் பலமாக நிற்கின்றன. உதாரணமாக, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஹெச்டிஎஃப்சி ஏஎம்சி, 2024-25 நிதியாண்டில் தொழில் வழியே ஈட்டிய வருமானம் சுமார் ரூ.3,500 கோடி. அது நிர்வகித்த தொகையோ ரூ.7 லட்சம் கோடிக்கு மேல். அதாவது நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசாவுக்கும் குறைவான வருமானம்தான். ஆனாலும் வருமானமாக வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 75 ரூபாய்க்கு மேல் செயல்பாட்டு லாபமாக நின்றது. அதே பைசாக் கட்டணத்தை வாங்கும் சின்னக் கம்பெனிக்கு வாடகையும் சம்பளமும் கொடுக்கவே சரியாகப் போய்விடும்.

அளப்பது எப்படி? மூன்று அளவுகோல்கள்

ஒரு ஏஎம்சியின் ஆண்டு அறிக்கையோ காலாண்டு முடிவோ கையில் கிடைத்தால், இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

1. லாப விகிதம்: செயல்பாட்டு லாபத்தைத் தொழில் வருமானத்தால் வகுக்க வேண்டும். நம்ம உதாரணத்தில் 15-ஐ 50-ஆல் வகுத்தால் 30%. சந்தை விழுந்த வருடத்தில் 4-ஐ 40-ஆல் வகுத்தால் வெறும் 10%.

2. நூறு ரூபாய்க்கு எத்தனை பைசா: செயல்பாட்டு லாபத்தைச் சராசரி ஏயூஎம்-ஆல் வகுக்க வேண்டும். ரூ.15 கோடியை ரூ.10,000 கோடியால் வகுத்தால் 0.15%. அதாவது நூறு ரூபாயை ஒரு வருடம் நிர்வகித்தால் கம்பெனிக்கு 15 பைசா நிற்கிறது. இதை 15 'பேசிஸ் பாயின்ட்' என்பார்கள். சின்னக் கம்பெனியையும் பெரிய கம்பெனியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதுதான் நல்ல அளவுகோல். ஒன்றைக் கவனியுங்கள்: வருடக் கடைசி நாளின் ஏயூஎம்-ஐ வைத்து வகுத்தால் கணக்கு தவறும். கட்டணம் தினமும் கழிக்கப்படுவதால், சராசரியைத்தான் எடுக்க வேண்டும்.

3. என்ன வகைப் பணம்: எல்லா ஏயூஎம்-உம் ஒன்று இல்லை. பங்குத் திட்டத்தில் நூற்றுக்கு 60 பைசா கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், நிறுவனங்கள் சில நாட்களுக்குப் பணம் போட்டு எடுக்கும் லிக்விட் திட்டத்தில் 10 பைசாதான் தேறும். ஒரே 10,000 கோடி. ஒன்றில் 60 கோடி வருமானம், இன்னொன்றில் 10 கோடி. 'ஏயூஎம் இவ்வளவு' என்று சொல்லும் கம்பெனியிடம் 'எதில் எவ்வளவு' என்றும் கேட்க வேண்டும்.

பெரிய தொகை மட்டும் போதாது: பர்மா சொன்ன பாடம்

சொத்து மலை போல் இருந்தும் தொழில் ஓடாமல் போகுமா? போகும். அதற்குச் செட்டிநாட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பர்மாவில் நகரத்தார் கடைகளின் தொகை சுமார் ரூ.75 கோடி என்று 1929-30 வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தக் காலத்து எழுபத்தைந்து கோடி! அப்போதுதான் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் வட்டி கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன.

கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-ல் விளைநிலத்தில் சுமார் 6 சதவீதம்தான் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938 வாக்கில் அது 25 சதவீதம். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, சொத்து நான்கு மடங்கு பெருகிய மாதிரி தெரிந்திருக்கும். ஆனால் அவர்களின் தொழில் நிலம் வாங்குவது இல்லை, வட்டிக்குக் கொடுத்து வாங்குவது. சொத்து கூடிக்கொண்டே போனபோது, தொழிலில் வரவேண்டிய வரவு நின்றுகொண்டிருந்தது. பிறகு 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பு, பர்மா விடுதலைக்குப் பின் நில தேசியமயம் என்று அந்தச் சொத்தும் கையைவிட்டுப் போனது.

ஏயூஎம் என்ற பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

பள்ளத்தூரிலிருந்து ஹெச்எஸ்பிசி வரை: கைமாறிய ஒரு ஏஎம்சி

பர்மாவில் தொழில் தொடங்கிய எல்லோரும் அங்கேயே முடங்கிவிடவில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூரைச் சேர்ந்த திவான் பகதூர் ஏ.எம்.முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவில் தொடங்கிய வட்டித் தொழில்தான் இன்றைய முருகப்பா குழுமத்தின் வேர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொழிலைச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். 1978-ல் இந்தக் குழுமம் சோழமண்டலம் என்ற பெயரில் நிதி நிறுவனம் தொடங்கியது.

இதே குழுமம் 1990-களில் மியூச்சுவல் ஃபண்ட் தொழிலிலும் இறங்கியது. முதலில் பிரிட்டனின் கஸனோவ், பிறகு சிங்கப்பூரின் டிபிஎஸ் என்று கூட்டாளிகள் வந்தார்கள். டிபிஎஸ் சோழமண்டலம் என்ற பெயரில் அந்த ஏஎம்சி இயங்கியது.

2009-ல் அதை எல் அண்ட் டி ஃபைனான்ஸ் வாங்குவதாக அறிவித்தது. விலை ரூ.45 கோடி.

அந்த நேரம் கவனிக்க வேண்டியது. 2009 ஆகஸ்ட் 1 முதல், முதலீட்டாளர் உள்ளே நுழையும்போதே பிடித்துக்கொள்ளும் 'என்ட்ரி லோடு' கட்டணத்தை செபி தடை செய்திருந்தது. முகவர் கமிஷனுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் அதுதான். சின்ன ஏஎம்சிகள் அத்தனைக்கும் கணக்கு இறுகிய காலம் அது.

எல் அண்ட் டி அதோடு நிற்கவில்லை. 2012-ல் ஃபிடிலிட்டியின் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் தொழிலையும் வாங்கிச் சேர்த்தது. ஏயூஎம் பெருகியது. 2021 டிசம்பரில் ஹெச்எஸ்பிசி அந்த ஏஎம்சியை 42.5 கோடி டாலருக்கு, அதாவது சுமார் ரூ.3,200 கோடிக்கு வாங்குவதாக அறிவித்தது. 2022 நவம்பரில் கைமாற்றம் முடிந்தது.

45 கோடி எங்கே, 3,200 கோடி எங்கே என்று தோன்றும். இரண்டும் ஒரே அளவுள்ள கம்பெனி இல்லை. நடுவில் ஃபிடிலிட்டியும் சேர்ந்தது, பன்னிரண்டு வருட வளர்ச்சியும் சேர்ந்தது. ஆனால் ஒரு விஷயம் இரண்டு விற்பனைக்கும் பொது. ஹெச்எஸ்பிசி வாங்கியபோது அந்த ஏஎம்சி நிர்வகித்த தொகை சுமார் ரூ.80,000 கோடி. அந்த எண்பதாயிரம் கோடியை ஹெச்எஸ்பிசி வாங்கவில்லை. அது முதலீட்டாளர்களின் பணம். அந்தப் பணத்தை நிர்வகித்து வருடா வருடம் கட்டணம் பெறும் உரிமையைத்தான் வாங்கியது. அதற்குக் கொடுத்த விலை, ஏயூஎம்-இல் சுமார் 4 சதவீதம்.

இந்த விலையை முடிவு செய்வதில் பெரும் பங்கு, எதிர்காலத்தில் கிடைக்கப்போகும் செயல்பாட்டு லாபத்துக்குத்தான். தன்னிடம் ஏற்கெனவே ஓர் ஏஎம்சி இருப்பவர், புதிதாக ஒன்றை வாங்கி இணைத்தால் ஏயூஎம் கூடும், ஆனால் இரண்டு அலுவலகம், இரண்டு மென்பொருள் தேவைப்படாது. அந்த மிச்சமும் லாபத்தில்தான் சேரும்.

சரி, இதெல்லாம் எனக்கு எதற்கு?

எஸ்ஐபி போடுபவராக இருந்தால்: ஏஎம்சிக்கு நஷ்டம் வந்தாலோ, அது விற்கப்பட்டாலோ உங்கள் யூனிட்டுகளை அது தொட முடியாது. அவை டிரஸ்ட்டின் கீழ் இருக்கின்றன. ஏஎம்சியின் கட்டுப்பாடு கைமாறும்போது, வெளியேறும் கட்டணம் இல்லாமல் பணத்தை எடுத்துக்கொள்ள உங்களுக்கு அவகாசம் தரவும் வேண்டும். வரும் அறிவிப்பைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

ஆனால் கட்டணத்தில் கண் வையுங்கள். கம்பெனியின் வருமானம் உங்கள் பையிலிருந்து போவதுதான். ரூ.1 லட்சத்தை 20 வருடம் விடுகிறீர்கள், செலவுக்கு முன் வருடம் 12% வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 1% என்றால் கையில் கிடைப்பது சுமார் ரூ.8.06 லட்சம். செலவு 2% என்றால் சுமார் ரூ.6.73 லட்சம். வெறும் ஒரு சதவீதம், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம்! முகவர் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டங்கள் 2013 ஜனவரி முதல் இருக்கின்றன. நீங்களே தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் என்றால் அதைப் பார்க்கலாம். ஆலோசனை தேவைப்படுபவர் என்றால், கமிஷனுக்கு ஏற்ற சேவை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

ஏஎம்சியின் பங்கை வாங்குபவராக இருந்தால்: இது வேறு விஷயம். ஃபண்டில் பணம் போடுவதும், அந்த ஃபண்டை நடத்தும் கம்பெனியின் பங்கை வாங்குவதும் ஒன்று இல்லை. பங்கு வாங்குபவர் கம்பெனியின் லாபத்தில் பங்காளி. அவர் செயல்பாட்டு லாபத்தையும், அதில் இதர வருமானம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். சந்தை உச்சத்தில் இருக்கும் வருடத்தின் லாபத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், விழும் வருடத்தில் 73 சதவீதக் கணக்கு ஞாபகம் வரும்.

'மாதம் 10 ரூபாய் வட்டி' என்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி

இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு பெரிய நன்மை உண்டு. மோசடிகளை வாசலிலேயே அடையாளம் காணலாம்.

ஒருவர் வந்து, "உங்கள் ஒரு லட்சத்தை நாங்கள் முதலீடு செய்து, மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் தருகிறோம்" என்கிறார். அப்படியென்றால் வருடத்துக்கு 1.2 லட்சம் உங்களுக்கே தர வேண்டும். அதற்கு மேல் அலுவலக வாடகை, ஆட்களின் சம்பளம், ஏஜென்ட் கமிஷன், முதலாளியின் லாபம். எல்லாம் சேர்த்தால், உங்கள் பணத்தை வருடத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் அவர் பெருக்கியாக வேண்டும். முறையாகப் பதிவு செய்த கம்பெனிகள் நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா கட்டணத்துக்குப் போட்டி போடும் ஊரில் இது எப்படி நடக்கும்?

நடக்காது. புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுத்தால் மட்டும்தான் கொஞ்ச நாள் ஓடும். ஆருத்ரா கோல்டு வழக்கில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ரூ.2,400 கோடிக்கு மேல் வசூலிக்கப்பட்டதாகத் தமிழகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸார் கூறுகிறார்கள். அங்கும் ஆசை காட்டப்பட்டது அதிக மாத வட்டிதான்.

பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்:

- நிறுவனம் செபி அல்லது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றதா என்று அந்தந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர்கள் காட்டும் சான்றிதழ் நகலை மட்டும் நம்ப வேண்டாம்.
- மியூச்சுவல் ஃபண்ட் முகவர் என்றால், ஆம்ஃபி வழங்கும் ஏஆர்என் பதிவு எண் கேளுங்கள்.
- பணத்தை முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ஃபண்டின் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும்.
- "எனக்குத் தரும் பணம் எந்தத் தொழிலில் இருந்து வருகிறது? உங்கள் செலவு போக என்ன நிற்கிறது?" என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்தால் வாசலைக் காட்டிவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

- ஏயூஎம் என்பது ஏஎம்சியின் பணம் இல்லை, முதலீட்டாளர்களின் பணம்.
- ஏஎம்சியின் வருமானம் நூறு ரூபாய்க்குச் சில பைசாக்கள். அதிலிருந்து தொழில் செலவைக் கழித்தால் செயல்பாட்டு லாபம்.
- சொந்த முதலீட்டில் வந்த இதர வருமானத்தைத் தனியே பிரித்துப் பாருங்கள்.
- லாப விகிதம், நூறு ரூபாய்க்கு நிற்கும் பைசா, பணத்தின் வகை: மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.
- இவ்வளவு வருமானம் எந்தத் தொழிலில் வருகிறது என்று சொல்ல முடியாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்று வருடத் தவணை முடிந்து கப்பலேறி ஊர் திரும்பிய மேலாளிடம் முதலாளி கேட்ட கேள்வி 'எவ்வளவு புரண்டது?' என்பது இல்லை, 'எவ்வளவு நிற்கிறது?' என்பதுதான். அடுத்த முறை ஆயிரம் கோடிகளில் விளம்பரம் வந்தால், நீங்களும் அதையே கேளுங்கள்.